வெள்ளம் என்றால் தண்ணீர்

போன வியாழக்கிழமை பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஓடும் சுண்ணாம்பும் விற்கிற கடைக்குப் போயிருந்தேன். சமையலறைக் கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “சாமி அறிஞ்ஞில்லே? நம்மட வெள்ளம் கொத்தனார் போயி. ரெண்டு திவசம் பனி, அத்றயே உள்ளூ” என்றார். பனி என்றால் இந்த ஊரில் காய்ச்சல். இப்போதெல்லாம் இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொத்தனாரின் வீட்டுக்குத் துக்கம் விசாரித்து ஒரு கடிதம் போட வேண்டும் என்று தபால் கார்டை எடுத்து வைத்திருந்தார். “சாமி, அவருடெ சரிக்குள்ள பேரு எந்தா?” என்று கேட்டார். கடையில் சுண்ணாம்பு நீற்றுகிறவர் இருந்தார், வண்டிக்காரர் இருந்தார். இருவரும் பல வருஷம் கொத்தனாரோடு பழகியவர்கள். ஒருவருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியவில்லை. வெள்ளம் கொத்தனார் என்றால் நகரம் முழுக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. “நாளைக்கு வந்து சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, ஓட்டைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவருக்கு வெள்ளம் கொத்தனார் என்று பெயர் வைத்தவன் நான்தான். போனவரின் பெருமையைச் சொல்வதுதான் நினைவஞ்சலி. என் சிறுமையைத் தள்ளிவைத்துவிட்டு இவருடைய பெருமையைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. பூசி மெழுகாமல் எழுதப் பார்க்கிறேன்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து, கட்டிட வேலைகள் எடுத்துச் செய்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கொத்தனார்களும் ஆசாரிகளும் சொல்வதை இங்கிலீஷில் எழுதித் துரையிடம் கொடுப்பது என் வேலை. “மலையாளம் தெரியுமா?” என்று கேட்டார்கள். “தெரியும்” என்றேன். ரயில் ஏறின நாளில் எனக்குத் தெரிந்த மலையாளம் ஒரு கை விரலுக்குள் அடங்கும். தமிழ் தெரிந்தவனுக்கு மலையாளம் எம்மாத்திரம் என்கிற திமிர் இருந்தது. அந்தத் திமிருக்கு வயது இருபத்துமூன்று.

சேர்ந்த மூன்றாவது வாரம் என்னைக் கல்லாற்றுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மேலே நடந்தால் ஒரு தேயிலைத் தோட்டம். அதில் குன்றின் சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய பழைய பங்களா ஒன்று. முன்பக்கம் பள்ளத்தாக்கு, பின்சுவருக்கு இரண்டு முழம் தள்ளி வெட்டி நிறுத்திய மண்மேடு. உள்ளே பலகைத் தரை உளுத்துப்போய், நடந்தால் கால் இறங்கியது. அதற்குப் பதிலாக என்ன தரை போடலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்குக் கொத்தனார், எழுதுவதற்கு நான்.

கொத்தனார் விளவங்கோட்டுப் பக்கத்துக்காரர். வேதக்காரத் தமிழர், அதாவது கிறிஸ்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். வந்ததும் தரையைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உப்பு. ஒவ்வொரு அறையிலும் பலகையை நெம்பி எடுத்து, கீழே மண்ணில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஒரு பிடி உப்பு வைத்து, அதன்மேல் பித்தளைத் தம்ளரைக் கவிழ்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ வேதக்காரர்களின் சடங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் முன்வராந்தாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கொத்தனார் வீட்டின் பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டார். “சாமி, இங்ஙன பொறத்தால வந்து ஒருக்கா பாக்கணும்.”

முதல் நாள் மலையேறும்போது என் கால்களில் பதினோரு அட்டை ஏறியிருந்தது. பின்பக்கப் புல்லில் கால் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. “நீர் அங்கேருந்தே சொல்லும் ஓய், நான் எழுதிக்கறேன்” என்றேன்.

அவர் அங்கிருந்தே சொன்னார். “மேட்டுப் பக்கம் வெள்ளம் உண்டு சாமி. பின்னறையில முச்சூடும் வெள்ளம். மேட்டுல இருந்து வெள்ளம் வருது. அதுக்கு ஒரு வழி பண்ணாம தரையில கை வைக்கப்பிடாது. பின்னால இடுப்பளவுக்கு ஓடை வெட்டிக் கல்லு போட்டு நெறைக்கணும். உள்ளே மண்ணைத் தோண்டிக் களைஞ்சிட்டு, ஜல்லியும் ஆத்துமணலும் போட்டு, மேல சுண்ணாம்பில தரை ஓடு பதிக்கலாம். சிமெண்டு ஆகாது. சிமெண்டு போட்டா வெள்ளம் வெளிய போக வழி இல்லாம, தரையத் தள்ளும்.”

வெள்ளம் என்று அவர் சொன்னது தண்ணீரை. விளவங்கோட்டிலிருந்து வடக்கே மலையாளக் கரை முழுவதும் குடிக்கிற தண்ணீருக்கு அதுதான் பெயர். எங்கள் தாமிரபரணிக் கரையில் வெள்ளம் என்றால் ஆறு கரை புரண்டு வீட்டுக்குள் வருவது. மலை உச்சியில் வெள்ளமாம், அதற்கு ஓடை வெட்ட வேண்டுமாம்! எழுந்துபோய் நாலடி நடந்து பார்த்திருந்தால், கரைந்துபோன உப்பும் மேட்டிலிருந்து கசிகிற நீரும் எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மலையிலிருந்து பெருவெள்ளம் வரும் என்று கொத்தனார் அஞ்சுவதாக, அழகான இங்கிலீஷில் எழுதினேன். உப்பைப் பற்றி எழுதவே இல்லை.

துரை அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கடல்மட்டத்திலிருந்து அவ்வளவு உயரத்தில் பெருவெள்ளம் வருமானால் கொத்தனாருக்குக் கொல்லூறுக் கரண்டி வேண்டாம், ஒரு படகு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார். தலைமைக் குமாஸ்தா எதற்குச் சிரிப்பு என்று கேட்டார். நான் கொத்தனாரின் குரலில், “பொறத்தால வெள்ளம் உண்டு சாமி” என்று நடித்துக் காட்டினேன். ஆபீசே சிரித்தது. வந்து ஒரு மாதம் ஆகாத புதுக் குமாஸ்தாவுக்கு அது பெரிய வெற்றி. மறுநாள் கொத்தனார் ஆபீசுக்கு வந்தபோது, “இதோ வந்துட்டார் நம்ம வெள்ளம் கொத்தனார்” என்றேன். பெயர் ஒட்டிக்கொண்டது.

இதுவரை செய்தது அறியாமை. அதை மன்னித்துவிடலாம் என்று எனக்கே பல நாள் சொல்லிக்கொண்டேன். அடுத்தது அப்படியில்லை.

அந்த வாரமே நான் குடியிருந்த கரமனை வீட்டின் சொந்தக்காரரைப் பார்க்க, நாலு வீடு தள்ளிப் போனேன். நல்ல வெயில். வாசலில் நின்றேன். அவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண் எட்டிப் பார்த்து, “குடிக்கான் வெள்ளம் வேணோ?” என்று கேட்டாள். நான் விழித்தேன். அவள் உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்தாள். அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. குடித்தேனா என்பதும் நினைவில்லை.

அன்றைக்கு அந்த அறிக்கை துரையின் மேஜையில்தான் இருந்தது. பிறகு அங்கே போட்ட சிமெண்டு அப்போது கல்லாறு போய்ச் சேரவில்லை. “ஐயா, நான் ஒரு சொல்லைத் தப்பாக எழுதிவிட்டேன்” என்று சொல்ல எனக்கு முழுசாகப் பத்து நாள் இருந்தது. சொன்னால், மலையாளம் தெரியும் என்று நான் சொன்ன பொய் வெளியே வரும். வேலை போகும். ஊரில் அப்பாவுக்கு எழுதியிருந்தேன், உத்தியோகம் ஸ்திரம் என்று. பத்து நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

துரைக்கு அப்போது சிவப்புச் சிமெண்டுத் தரையில் மோகம். பட்டணத்தில் ஒரு புது வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தார். பங்களாவுக்கும் அதுதான் என்று தீர்மானமாயிற்று. கொத்தனார் என் மேஜைக்கு வந்து நின்றார்.

“சாமி, நான் சொன்னதைத் தொரைக்கிட்ட சரியாச் சொன்னியளா?”

“சொன்னேன்.”

“பொறத்தால வெள்ளம் உண்டுன்னு?”

“அதான் சொன்னேன்கறேனே. அவர் கேக்கலை.”

“படிச்சவரு. நம்மள விட அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன அந்த வார்த்தை எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. தான் கண்ணால் பார்த்ததைக்கூட, படித்தவர்களுக்காகச் சந்தேகித்தார். அந்தப் படித்தவர்களில் நானும் ஒருவன்.

தரையைப் போட்டார். அரைகுறையாக அல்ல. தனக்கு ஒப்பாத வேலைதானே என்று கையை இழுக்கிற ஆள் அவர் இல்லை. வாரக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி மெருகேற்றினார். துரை போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆபீஸ் முழுக்கப் பெருமை பேசினார்.

வைகாசிப் பாதியில் பிடிக்கிற இடவப்பாதி மழை தொடங்கின ஒரு மாதத்தில் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. பின்னறைகளில் தரை வேர்க்கிறது. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிறது. தட்டினால் பொள்ளலாகக் கேட்கிறது. பிறகு இன்னொரு கடிதம்: தரை நடுவில் எழும்பி, வாசல் வரைக்கும் வெடித்துவிட்டது. கொத்தனார் சொன்னபடியே, தள்ளியது.

கம்பெனியில் மேஸ்திரி ஒருவர் உடனே காரணம் கண்டுபிடித்தார். கொத்தனார் சிமெண்டைத் திருடி விற்றுவிட்டு மணலைக் கூட்டிப் போட்டிருக்கிறார். துரை அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். கொத்தனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நேராக நின்று சொன்னார். “நான் ஒரு பிடி சிமெண்டு எடுக்கல தொரை. அங்ஙன தரை நிக்காதுன்னு வேலைக்கு முந்தியே சொன்னேன். இந்தச் சாமிக்கிட்டக் கேளுங்க. சாமி எழுதினாரு.”

துரை என் பக்கம் திரும்பினார். “அப்படி ஏதாவது எச்சரித்தானா?”

மேஜைமேல் அவருடைய மைக்கூடு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, “பெருவெள்ளம் வரும் என்று சொன்னான், ஐயா” என்றேன்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். துரையும் சிரித்துவிட்டு, இந்த ஆள் இனி நமக்கு வேண்டாம் என்று கையை அசைத்தார். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று யாராவது வாதாடலாம். அறிக்கையில் எழுதியிருந்ததும் அதுதான். என் ஆயுளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அது.

கொத்தனாருக்கு இங்கிலீஷ் புரியவில்லை. சிரிப்பு மட்டும் புரிந்தது. வெளியே வந்து, “என்ன சொன்னிய சாமி?” என்று கேட்டார்.

“நீர் சொன்னதைத்தான்” என்றேன்.

அதன் பிறகு பெரிய கம்பெனிகள் எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. வெள்ளம் கொத்தனார் என்கிற பெயருக்கு இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது. அவர் தரை போட்டால் வீட்டுக்குள் தண்ணீர் ஊறும் என்று சொன்னார்கள். இரண்டு வருஷம் சொந்த ஊரில் கிணற்றுக்குக் கல் கட்டிப் பிழைத்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எனக்கு அந்த இரண்டு வருஷத்தில் சம்பள உயர்வு வந்தது.

பிறகு அவர் நகரத்துக்குத் திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். மேடும் பள்ளமுமான இந்த ஊரில் சரிவில் கட்டின பழைய வீடுகளுக்குக் குறைவில்லை, ஈரத்துக்கும் குறைவில்லை. அவர் அந்த வீடுகளுக்குப் போனார். வெள்ளம் கொத்தனார்தானே என்று யாராவது இளித்தால், “ஆமா. வெள்ளம் எங்ஙன கெடக்குன்னு பாத்திட்டுத்தான் நான் தரை போடுவேன்” என்பாராம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில், “பொறத்தால வாங்க, தரைய பெறவு பாப்போம்” என்பாராம். ஒரு வக்கீல் வீடு முழுவதற்கும் சிவப்புச் சிமெண்டு கேட்டிருக்கிறார். கொத்தனார் எல்லா அறையிலும் உப்பு வைத்துப் பார்த்துவிட்டு, உப்பு கரையாத முன்னறைக்கு மட்டும் சிமெண்டு, மேட்டை ஒட்டின பின்னறைகளுக்குத் தரை ஓடு என்றாராம். “ஒரே வீடு ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?” என்று வக்கீல் சண்டை பிடித்ததற்கு, “தரை வீட்டுக்கு ஒண்ணு இல்ல சார், அறைக்கு ஒண்ணு” என்று பதில். நான் கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் இப்படித் தேய்த்துத் தேய்த்து நல்ல பெயராக்கிவிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பழைய வீடு வாங்கினேன். சரிவில்தான். முதல் மழைக்கே என் மனைவி அலுத்துப்போனாள். “ஏன்னா, பாயெல்லாம் பூசணம் பூத்துடுத்து. அரிசி மூட்டைக்கு அடியில கை வச்சா ஜில்லுங்கறது. வெள்ளம் கொத்தனார்னு ஒருத்தர் இருக்காராம், அவர் போட்டா ஈரம் வராதாம். பக்கத்தாத்து மாமி சொன்னா. வரச் சொல்லியிருக்கேன்.” வர வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வேன்?

வந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு இடுப்பிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தார். மறுநாள் காலை வந்து தம்ளர்களை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, “சாமி, பொறத்தால வந்து ஒருக்கா பாக்கணும்” என்றார்.

இந்தத் தடவை போனேன். பின்சுவரை ஒட்டின மேட்டில் ஒரு கல்லை நகர்த்திக் காட்டினார். அடியில் மண் மினுமினுத்துக் கசிந்துகொண்டிருந்தது.

“இது வெள்ளம்” என்றார். பிறகு, மண்ணைப் பார்த்துக்கொண்டே, “உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவிய?” என்று கேட்டார்.

“தண்ணி” என்றேன்.

“ஆமா, தண்ணி. அன்னைக்கே நான் தண்ணின்னு சொல்லியிருக்கணும். தமிழ்க்காரச் சாமிதானேன்னு நெனைச்சிட்டேன். எனக்க தப்பு.”

அவருக்குத் தெரிந்திருந்தது. எப்போது, யார் சொல்லித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் நான் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. நீங்கள் எல்லோரும் சொல்லியிருப்பீர்கள். நான், “காப்பி சாப்பிடறேளா, கொத்தனாரே?” என்று கேட்டேன்.

காப்பி வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வழக்கப்படி கொல்லைப்புறத்தில், தூக்கி ஊற்றித் தனித் தம்ளரில். வாங்கிக் குடித்தார். பிறகு மூன்று வாரம் வேலை செய்தார். பின்னால் ஓடை வெட்டிக் கல் நிறைத்தார், உள்ளே மண்ணைக் களைந்தார், சுண்ணாம்பில் ஒவ்வொரு ஓடாகப் பதித்து விரல் கணுவால் தட்டித் தட்டிக் கேட்டார். பூஜை அறையிலும் சமையலறையிலும் அவர் உட்கார்ந்து பதிக்காத ஓடு கிடையாது. வேலை முடிந்த மறுநாள் புண்யாஹவாசனம் பண்ணி, மந்திரஜலம் தெளித்து வீட்டைச் சுத்தம் செய்தோம். கொத்தனார் வெற்றிலை பாக்கை வாசலில் நின்று வாங்கிக்கொண்டார். அவர் போட்ட தரையில் அதற்குப் பிறகு அவர் கால் படவில்லை. நான் கூப்பிடவில்லை.

இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது அவரைத் தேடிப் போயிருக்கலாம். அடுத்த மாதம், மழை விட்டதும், தீபாவளி கழிந்ததும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது இரண்டு நாள் காய்ச்சல் என்கிறார்கள்.

நேற்றுக் காலை பழவங்காடிக் கடைக்குத் திரும்பப் போனேன். கடைக்காரர், சுண்ணாம்பு நீற்றுகிறவர், வண்டிக்காரர், ஓடு வாங்க வந்த இரண்டு கொத்தனார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நடந்ததைச் சொன்னேன். எனக்கு இப்போது மலையாளம் நன்றாகவே தெரியும், மலையாளத்திலேயே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வந்திருந்த கொத்தனார்களில் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார். கடைக்காரர் தபால் கார்டை என்னிடம் நீட்டினார். பெயரை நானே எழுதினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என் காலுக்குக் கீழே இருக்கிற தரை. இந்த மழைக்கும் அது காய்ந்துதான் கிடக்கிறது. இரண்டாவது, பதினேழு வருஷமாகத் திருத்தாமல் வைத்திருக்கும் ஓர் அறிக்கை. அந்தக் கம்பெனியும் இல்லை, துரையும் சீமைக்குப் போய்விட்டார். கொடுக்க வேறு இடம் இல்லாததால் உங்களிடம் கொடுக்கிறேன்.

வீட்டின் பின்புறம், மேட்டுப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது. அதற்கு வழி செய்யாமல் தரை போடக் கூடாது. பார்த்துச் சொன்னவர், கொத்தனார் மாசிலாமணி. எழுந்துபோய்ப் பார்க்காமல் எழுதியவன், நான்.